மங்கையர்க்கரசி கழுவி எடுத்த ஃபோன்

புனேயின் கட்கியில் மங்கையர்க்கரசியின் வீட்டுக்குப் போய், கடையில் புதிதாக வாங்கிய பொருள் ஏதாவது இருந்தால் காட்டு என்றால் அவள் கொஞ்சம் யோசிப்பாள். துடைப்பம், பாத்திரம் தேய்க்கும் நார், கணவர் வாசுதேவனின் மூக்குக்கண்ணாடி. மற்றதெல்லாம் செகண்ட் ஹாண்ட்.

ராணுவக் குடியிருப்பை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். ஒவ்வொரு கோடையிலும் அதிகாரிகளுக்கு மாற்றல் வரும். அசாமுக்கும் ஜம்முவுக்கும் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. வாசலில் கறுப்பு மரப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். மேலே வெள்ளைப் பெயின்டில் பெயரும் பதவியும் எழுதியிருக்கும். லாரி வந்து நிற்பதற்குள் கூலரும் கட்டிலும் சைக்கிளும் கைமாறிவிட வேண்டும். மங்கையின் அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பாவாடை கட்டிய வயதிலேயே அம்மாவோடு இந்த வீடுகளுக்குப் போய், எந்தக் கூலரின் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறது என்று குனிந்து பார்த்துச் சொல்லப் பழகிவிட்டாள்.

ஆனால் அவளுடைய உண்மையான திறமை வாங்குவதில் இல்லை. கழுவுவதில்தான். ஒரு வங்காளி கேப்டன் வீட்டு ஃப்ரிட்ஜ் வந்தபோது அதைத் திறந்தால் கடுகெண்ணெயும் மீனும் எதிரே வந்து நின்றன. சோடா உப்பு, எலுமிச்சம்பழம், வெயில் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கேப்டன் குடும்பம் என்ன சாப்பிட்டது என்று யாராலும் சொல்ல முடியாதபடி செய்தாள். அலமாரி வந்தபோது அதன் பக்கவாட்டில் ஒரு மேஜரின் பெயர் இருந்தது. உப்புத்தாள் வாங்கி உரசி, மேலே பெயின்ட் அடித்து, "மேஜர் போயிட்டாரு" என்று வீட்டுக்கு அறிவித்தாள். தையல் மெஷின் என்றால் அதன் வயிற்றைத் திறந்து, முன்பு தைத்தவளின் நூலையும் தலைமயிரையும் குண்டூசியால் கிளறி எடுப்பாள். கடைசியாக உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒரு துடைப்பு, ஒரு குங்குமப் பொட்டு. அதற்குப் பிறகுதான் அந்தப் பொருள் வீட்டில் சேர்த்தி.

"போன வூட்டுக்காரங்க நூலுகூட நம்ம வூட்ல இருக்கக் கூடாது" என்பாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயதில் வேலை கிடைத்தது. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் கேன்டீனில் இட்லி தோசை சாம்பார் பகுதிக்குச் சூப்பர்வைசர். கோயில் அன்னதானம், தெரிந்தவர்கள் வீட்டுச் சீமந்தம் என்று இருநூறு பேர் வரைக்கும் சமைத்திருக்கிறாளே ஒழிய, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அவள் எங்கும் போனதில்லை. நேர்முகத்துக்குப் போன இடத்தில் சாம்பாரை ருசி பார்க்கச் சொன்னார்கள். ஒரு கரண்டி வாயில் விட்டவள், "பருப்பு நல்லா வெந்திருக்கு. அண்டாவைக் கழுவின சோப்புதான் இன்னும் போகல" என்று ஹிந்தியில் சொன்னாள். ஆளெடுக்கும் பொறுப்பில் இருந்த ராஜஸ்ரீ என்ற இளம்பெண் தானும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டாள்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. கம்பெனியின் ஆப்பை அவரவர் ஃபோனில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் முகத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். அதைக் காட்டினால்தான் கேட் திறக்கும்.

"இது நான் வெச்ச சட்டம் இல்ல, தாயி" என்றாள் ராஜஸ்ரீ மராத்தியில். இங்கே அக்காவைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்கள். "திங்கட்கிழமை நீங்க உள்ளே வரலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. ரெண்டு பேர் காத்துகிட்டிருக்காங்க."

மங்கையின் பழைய ஃபோன் பேட்டரி உப்பி, முதுகு பிளந்து ரப்பர் பேண்டில் நின்றுகொண்டிருந்தது; வாட்ஸாப்புக்கு மேல் எதையும் அது தாங்காது. வாசுதேவனுடையது பட்டன் ஃபோன். மகள் வைஷு நாசிக்கில் ஹாஸ்டலில் இருந்தாள். ஃபோன் இல்லாவிட்டால் அவளுக்குக் காலை விடியாது. ஆகவே ஃபோன் ஒன்று வேண்டும்; மங்கையைப் பொறுத்தவரை அது செகண்ட் ஹாண்டாகத்தான் இருக்க வேண்டும்.

புனேத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுவில் மகர்பட்டாவிலிருந்து ப்ரியம்வதா என்பவள் ஒரு படம் போட்டிருந்தாள். 'கணவர் உபயோகித்த ஃபோன். கீறல் இல்லை. எடுத்துக்கொண்டு போனால் சந்தோஷம்.' கடைசி வரியைப் படித்ததும் மங்கை கிளம்பிவிட்டாள். விற்கிறவர்கள் அவ்வளவு வெளிப்படையாகச் சந்தோஷப்படுவது நல்ல அறிகுறி என்பது அவள் அனுபவம்.

ப்ரியம்வதாவின் கணவன் கேஷவ் சென்னைக்காரன், ஐ.டி.யில் வேலை. ஃபோனை மங்கையின் கையில் கொடுக்கும்போது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவன் முகம்போல இருந்தது அவன் முகம்.

"ஆன்ட்டி, இது கடையில விக்கற சாதாரண ஃபோன் இல்ல. கம்பெனிக்காரன் போட்ட சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு நான் வேற போட்டிருக்கேன். பறக்கும்."

கூலர் விற்கிற எவரும் மோட்டார் மாற்றியிருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்து, "நல்லதுப்பா" என்று தலையாட்டிவிட்டு வந்தாள் மங்கை.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சில் சானிடைசர் தொட்டு ஃபோனை முன்னும் பின்னும் துடைத்தாள். சார்ஜர் துளையில் பல்குச்சி விட்டு, கேஷவின் சட்டைப் பையிலிருந்து வந்திருக்கக்கூடிய பஞ்சை எடுத்தாள். முதுகில் குங்குமம் வைத்து ஆன் செய்தாள்.

முதலில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில், இந்த ஃபோனின் பூட்டு திறக்கப்பட்டிருக்கிறது, இதிலுள்ள மென்பொருளை நம்ப முடியாது என்று எழுதியிருந்தது. அது மறைந்து திரை இருட்டாயிற்று. இருட்டிலிருந்து ஓர் ஓநாய் எழுந்து வந்து, வாயைத் திறந்து ஊளையிட்டது.

வாசுதேவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னா மங்கை, நாயெல்லாம் கத்துது?"

"நாய் இல்லங்க, ஓநாய்."

"பூட்டு திறந்திருக்குன்னு வேற போட்டிருக்கான். திருட்டு ஃபோனை வாங்கிகினு வந்துட்டியா?"

"பன்னண்டாவது மாடியில இருக்கறவன் இன்னாத்துக்குத் திருடறான்?"

"பன்னண்டாவது மாடிக்குத் தவணை கட்டத்தான்."

அன்று அதோடு விட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை, வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு கம்பெனியின் ஆப்பை இறக்கினாள். திறந்தாள். ஆப்பும் திறந்தாற்போல் திறந்து, இந்தக் கருவியின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக் காரணங்களால் இதில் இயங்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தானாக மூடிக்கொண்டது. இன்னொரு முறை திறந்தாள். இன்னொரு முறை மூடிக்கொண்டது. யாரையோ பார்த்து ஜன்னலைச் சாத்துகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

மாற்றியதை நீக்கினால் சரியாகிவிடும், அவ்வளவுதானே. செட்டிங்ஸுக்குள் போய், அடியில் தேடி, எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி ஆக்கும் ரீசெட்டைப் பிடித்தாள். நிச்சயமா என்று கேட்டது. அவளை இதுவரை யாரும் கழுவுவதில் நிச்சயமா என்று கேட்டதில்லை. அழுத்தினாள். ஃபோன் அணைந்து, சிறிது நேரம் உள்ளே ஏதோ உருட்டி, மறுபடி உயிர்பெற்றது. முக்கோணம். இருட்டு. ஓநாய் வந்து ஊளையிட்டது.

மேஜரின் பெயரை உரசித் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மேஜரே அலமாரிப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. இன்னொரு தடவை ரீசெட் செய்தாள். ஓநாய் இன்னும் கொஞ்சம் உற்சாகமாக ஊளையிட்டது போலத் தோன்றியது.

வாசுதேவனின் பட்டன் ஃபோனிலிருந்து கேஷவைக் கூப்பிட்டாள்.

"ரீசெட் பண்ணா நீங்க போட்ட போட்டோ, நம்பர் எல்லாம்தான் போகும் ஆன்ட்டி" என்றான் அவன். "நான் போட்ட சாஃப்ட்வேர் அப்படியேதான் இருக்கும். வீட்டைக் காலி பண்ணா சாமான்தானே போகும், சுவர் இருக்குமோன்னோ?"

"அந்தச் செவுத்துலதான் தம்பி ஓநாய் உக்காந்துகினு இருக்குது. அதை எடுக்கணும்."

"ஏன், ஓநாய் நன்னாத்தானே இருக்கு?"

அவள் ஆப்பைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னாள்.

"ஓ" என்றான். "இந்த ஆப்காராளுக்கெல்லாம் எதைக் கண்டாலும் சந்தேகம். சரி. பவர் பட்டனையும் சவுண்ட் ஏத்தற பட்டனையும் சேத்து அமுக்கினா உள்ள ஒரு மெனு வரும். அதுல வைப்னு ஒண்ணு இருக்கு, அங்கேர்ந்துதான் அழிக்கணும். ஆனா நீங்க ஒண்ணும் தொடவேண்டாம். நான் இப்போ பேட்மின்டன்ல இருக்கேன். நாளைக்கு நானே சொல்லித் தரேன்."

அவன் தெளிவாகத்தான் சொன்னான். அவளும் முழுவதையும் கேட்டாள். ஆனால் அழுக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை நாளைக்கு என்று விட்டுவைப்பது அவள் பிறவியில் இல்லை.

இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். மெனு வந்தது. வைப் இருந்தது. அதற்குள் போனால் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். டேட்டா, கேஷ், சிஸ்டம், இன்னும் வாயில் நுழையாத இரண்டு மூன்று. சமையலறை அலமாரித் தட்டுகள் மாதிரி இருந்தன. மேல்தட்டைத் துடைத்துவிட்டு நடுத்தட்டை விட்டுவிட முடியுமா? ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டாள்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த வாசுதேவன், "எல்லாத்துலயும் போட்டுட்டியே" என்றார்.

"பாதி கழுவறது என்னா கழுவறது?"

விரலை இழுத்தாள். பச்சை எழுத்துகள் மளமளவென்று ஓடின. அவளுக்குப் பார்க்கவே திருப்தியாக இருந்தது. முடிந்ததும், உள்ளே இயங்குவதற்கு எதுவும் இல்லை, நிச்சயமாக மறுபடி தொடங்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"உள்ள ஒண்ணுமே இல்லியாங்க!" என்று கணவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, பெருமையோடு மறுபடி விரலை இழுத்தாள்.

முக்கோணம் வந்தது. இருட்டு வந்தது. ஓநாய் வரவில்லை. அவள் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் ஒன்றும் வரவில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். முக்கோணம் வந்து போயிற்று. மறுபடி வந்து போயிற்று. வேறு எதுவும் இல்லை.

"ஓநாய் போச்சு" என்றார் வாசுதேவன். "போகும்போது ஃபோனையும் கூட்டிகினு போயிடுச்சு."

அவள் எழுந்து பீன்ஸையும் கத்தியையும் எடுத்துக்கொண்டாள். இந்த வேலை விஷயத்தில் அவர் வேண்டும் என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. சாயங்கால டீ யார் போடுவார்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டார். கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில், டீத்தூள் டப்பா எது என்று தெரிந்துகொண்டார். இப்போது அவள் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு யாரும் அவ்வளவு பீன்ஸ் நறுக்க மாட்டார்கள். திங்கட்கிழமைக்கென்று இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் விரித்திருந்த புடவையை எழுந்துபோய் நாலாக மடித்தாள். பீரோவுக்குள் வைக்கவில்லை. நாற்காலியிலேயே வைத்துவிட்டு மறுபடி பீன்ஸிடம் வந்தாள்.

"காலையில அவன் வூட்டுக்கே போலாம்" என்றார் அவர். "வண்டிக்குப் பெட்ரோல் போட்டுகினு வந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மகர்பட்டாவில், கேஷவ் இருக்கும் கட்டடத்தின் வாசலில் காவலாளி ஸ்கூட்டரை மறித்தான். வருகிறவர்கள் ஃபோனில் வரும் எண்ணைச் சொன்னால்தான் உள்ளே விட முடியும் என்றான் ஹிந்தியில்.

"என் ஃபோன் செத்துப்போச்சு பையா. அதைச் சரி பண்ணத்தான் உள்ளே போறேன்."

"ஃபோன் இல்லாம உள்ளே போக முடியாது, அம்மா."

"உள்ளே போகாம ஃபோன் எப்படி வரும்?"

காவலாளி யோசித்தான். நியாயம் அவள் பக்கம் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு அவனுடைய திரையில் பட்டன் இல்லை. கடைசியில் வாசுதேவனின் எண்ணைக் கேட்டு, அந்தப் பட்டன் ஃபோனுக்கு வந்த நான்கு இலக்கத்தைத் தட்டி உள்ளே விட்டான். வாசுதேவன் லிஃப்டில் ஏறும்வரை அந்த ஃபோனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த ப்ரியம்வதா, "வாங்கோக்கா, வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "கேஷவ், உன் ஓநாய் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

கேஷவ் ஃபோனை வாங்கிப் பார்த்தான். பட்டன்களை அழுத்தினான். புருவம் மேலே போயிற்று.

"ஆன்ட்டி, சிஸ்டத்தையும் டிக் பண்ணிட்டேளா?"

"எல்லாத்தையும்தான் பண்ணேன். ஒண்ணை மட்டும் இன்னாத்துக்கு வுடணும்?"

"கடைசில ஒரு வார்னிங் வந்திருக்குமே. உள்ள ஒண்ணுமே இல்ல, நிச்சயமான்னு?"

"வந்துச்சே. ஒண்ணுமே இல்லன்னதும் சந்தோஷமாத் தேச்சுவுட்டேன்."

ப்ரியம்வதா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அதை அழிச்சா ஃபோன் எதை வெச்சு ஓடும், சொல்லுங்கோ? நான் தொடவேண்டாம்னு சொன்னேனோல்லியோ?"

"சொன்னே தம்பி. இல்லேன்னு சொல்லல." மங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தப்பு என்மேலதான். இப்ப வழி இருக்குதா, இல்லியா?"

வழி இருந்தது. ஃபோன் கம்பெனிக்காரர்கள் முதலில் போட்டு அனுப்பிய ஒரிஜினல் சாஃப்ட்வேரை இணையத்திலிருந்து இறக்கி, லாப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக ஃபோனுக்குள் ஏற்ற வேண்டும். கேஷவ் லாப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். இறங்க நேரம் பிடிக்கும் என்றான். ப்ரியம்வதா எல்லோருக்கும் அவல் போஹா கொண்டுவந்து கொடுத்துவிட்டு மங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்காத்து டிவியப் பாருங்கோக்கா, அதுலயும் கேஷவ் கை வெச்சுட்டான். போட்டா முதல்ல ராக்கெட் பறக்கும். அது ஆகாசத்துக்குப் போய்ச் சேந்தப்புறம்தான் நியூஸ். எங்கம்மா வந்திருந்தப்போ ராக்கெட்டைப் பாத்துட்டு சுதந்திர தினம்னு நினைச்சுண்டா."

"டிவி இப்போ ரெண்டு மடங்கு ஸ்பீட்" என்றான் கேஷவ், திரும்பாமல்.

"ராக்கெட்தான் ஸ்பீட்."

வாசுதேவன் போஹாவை முடித்துவிட்டு, "என் ஃபோனுக்கும் ஏதாச்சும் போட முடியுமா தம்பி?" என்று பட்டன் ஃபோனை நீட்டினார். கேஷவ் அதை உண்மையாகவே ஒரு கணம் ஆசையோடு பார்த்தான். ப்ரியம்வதா அதை வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மதியத்துக்கு மேல் கேபிளை மாட்டினான். லாப்டாப்பில் வரிவரியாக ஏதோ ஓடியது. ஃபோன் அணைந்து எழுந்தது. முக்கோணம் வந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஓநாய்க்குப் பதில் ஃபோன் கம்பெனியின் பெயர் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது. மங்கை கைகூப்பினாள். ஆப்பை இறக்கினார்கள். ஆப் திறந்தது. இந்தக் கருவியின் பூட்டு திறந்திருக்கிறது, இயங்க முடியாது என்று மூடிக்கொண்டது.

"ஆமா, பூட்டு" என்று தலையைச் சொறிந்தான் கேஷவ். "வெளிச் சாஃப்ட்வேர் போடணும்னா முதல்ல ஃபோனோட பூட்டைத் திறக்கணும். அது இன்னும் திறந்தே இருக்கு. அதான் அந்த முக்கோணம்." பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணும் கவலைப்படாதீங்கோ. சின்னதா ஒரு வேலை பண்ணி ஆப்பை ஏமாத்திடலாம். பூட்டியிருக்குன்னு அது நம்பிடும். அஞ்சு நிமிஷம்."

"எத்தினி நாளைக்கு நம்பும்?"

"அவா அடுத்த அப்டேட் விடற வரைக்கும். அப்போ நான் வேற ஒண்ணு பண்ணித் தரேன்."

"நீயும் தினம் பஸ்ஸுல ரஞ்சன்காவ் வருவியா தம்பி?" என்றார் வாசுதேவன்.

மங்கை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு நிமிஷத்தில் வேலை முடியும். நாளைக் காலை கேட் திறக்கும். பிறகு ஒருநாள் காலை, பின்னால் நூறு பேர் நிற்க, ஆப் ஜன்னலைச் சாத்தும். அவளை எடுத்த பெண்ணைக் கூப்பிட்டு, யாரைக் கொண்டுவந்தாய் என்று கேட்பார்கள்.

"வேணாம் தம்பி" என்றாள். "முதல் நாளே கேட்டுல நிக்கறவன்கிட்ட பொய் சொல்லிகினு உள்ளே போக என்னால ஆகாது. சாம்பார்ல சோப்பு இருக்குன்னு சொல்லித்தான் இந்த வேலையே வாங்கினேன். பூட்டிடு."

"பூட்டலாம். ஆனா..." அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "திறந்திருந்தா, ஏதாவது தப்பானாக்கூட மறுபடி ஏத்திச் சரி பண்ணலாம். பூட்டின அப்புறம், உள்ள இருக்கற சாஃப்ட்வேர் இந்த ஃபோனுக்குன்னு பண்ணினது இல்லேன்னு அதுக்குத் தோணினா, அவ்ளோதான். செங்கல் மாதிரி ஆயிடும். என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

பூட்டாவிட்டால் வேலை இல்லை. பூட்டித் தவறினால் ஃபோனும் இல்லை, வேலையும் இல்லை.

"நீ இப்ப போட்டது இதுக்குன்னு பண்ணினதுதானே?" என்று கேட்டாள் மங்கை.

"ஒரிஜினல்தான் ஆன்ட்டி."

"அது சரி. இந்த ஃபோனுக்குப் போட்ட ஒரிஜினல்தானே? இங்க விக்கற ஃபோனுக்கு?"

கேஷவ் லாப்டாப்பைப் பார்த்தான். ஃபோனைப் பார்த்தான். மனைவியைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

"ஐரோப்பாவுக்கானது" என்றான் மெல்ல.

"கேஷவ்!"

"அதுல விளம்பரம் கம்மி, ப்ரியா! ஃபோன் கம்பெனிக்காரன் திணிக்கற ஆப் பாதிதான் வரும். ஆன்ட்டிக்கு நன்னா இருக்குமேன்னு..."

"ஏன்டா, ஒரு தடவையாவது இருக்கறதை இருக்கற மாதிரி விடேன்!"

மங்கைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. சுத்தமாக இருப்பதை இன்னும் கொஞ்சம் சுத்தமாக்கப் போய் மாட்டிக்கொண்டவனின் முகம் அது. முந்தின நாள் அவளுடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"சரி வுடும்மா" என்று ப்ரியம்வதாவிடம் சொன்னாள். "தம்பி, எனக்கு விளம்பரம் வந்தாப் பரவால்ல. எல்லாருக்கும் வர்ற மாதிரி வரட்டும். இங்க விக்கறது எதுவோ அதைப் போடு."

மறுபடி இறக்கினார்கள். இந்த முறை ப்ரியம்வதா அவன் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தாள். ஃபோனின் அடியில் பொடி எழுத்தில் இருந்த மாடலை வாசுதேவன் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் படித்தார். இரண்டும் ஒத்துப்போயின. கேஷவ் அதற்குப் பிறகும் தானாக ஒருமுறை சரிபார்த்தான். ஏற்றினான். கம்பெனியின் பெயர் வந்தது. கூடவே இந்தியாவுக்கான விளம்பரம் ஒன்றும் வந்தது. எல்லோருக்கும் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது.

"பூட்டட்டுமா?"

"பூட்டு."

விசையை அழுத்தினான். ஃபோன் அணைந்தது. எழுவதற்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில் மாடிக்குக் கீழே நீச்சல்குளத்தில் குழந்தைகள் கத்துவது தெளிவாகக் கேட்டது. வாசுதேவன் எழுந்து நின்றுகொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது. கேஷவ் நகத்தைக் கடித்தான்.

முக்கோணம் வரவில்லை. கம்பெனியின் பெயர் நேராக வந்தது. அது போய், பல பாஷைகளில் வணக்கம் சொல்லும் வெள்ளைத் திரை வந்தது.

ப்ரியம்வதா கைதட்டினாள். கேஷவ் மூச்சை விட்டான். ஆப்பை இறக்கினார்கள், திறந்தார்கள். அது மூடிக்கொள்ளவில்லை. முகத்தைக் காட்டச் சொன்னது.

"இருங்க, இருங்க" என்று மங்கை எழுந்து போனாள். குளியலறையில் முகத்தைக் கழுவி, பொட்டைச் சரிசெய்து, தலையை ஈரக்கையால் படிய வைத்துக்கொண்டு வந்தாள். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். வலப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினாள். சிரிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் சிரித்தாள். பச்சை டிக் விழுந்தது.

கிளம்பும்போது கேஷவ் லிஃப்ட் வரை வந்தான். "ஆன்ட்டி, பின்னாடி எப்பவாவது ஃபோன் மெதுவா ஆச்சுன்னா சொல்லுங்கோ. இன்னும் நல்லதா ஒண்ணு வந்திருக்கு. அதுல ஓநாய் இல்ல, புலி."

"புலியை உங்க டிவியில வுட்டுடு தம்பி. ராக்கெட்டுக்குத் துணையா இருக்கும்."

திங்கட்கிழமை விடியலில் கட்கி பஜார் முனையில் கம்பெனி பஸ் வந்தது. வாசுதேவன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். வாகோலி தாண்டும்வரை அவள் ஃபோனைப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும், ஆப்பைத் திறப்பதும், அது திறக்கிறது என்று தெரிந்து மூடுவதுமாக இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பார்கவி என்ற தமிழ்ப் பெண், அங்கே தரக்கட்டுப்பாட்டில் இருப்பவள், "புதுசா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"ஃபோனா, நானா?"

"நீங்கதான்."

"நான்தான் புதுசு. ஃபோன் பழசு" என்றாள் மங்கை.

ரஞ்சன்காவ் கேட்டில் வரிசை நின்றது. அவள் முறை வந்தது. ஃபோனை நீட்டினாள். அங்கிருந்த கருவி ஒரு முறை பீப் என்றது. பச்சை விளக்கு எரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு குடும்பங்களும் பாடுபட்டது இந்த ஒரு பீப்புக்காகத்தான்.

பீப் சத்தம் அடங்குவதற்குள் காவலாளி கையை நீட்டினான். "ஃபோன் இங்கே, தாயி. உள்ளே எடுத்துட்டுப் போகக் கூடாது. சாயங்காலம் வாங்கிக்கலாம்."

சுவர் நெடுகச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள். அவன் ஒன்றைத் திறந்து காட்டினான்.

மங்கை ஃபோனைப் பார்த்தாள். காவலாளியைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்தது. காவலாளியும் என்னவென்று தெரியாமலே சிரித்தான். ஃபோனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.